வயலின் பகுதி வெட்டி வெட்டி ஒலிக்கிறதா? ஸ்லர் போடுங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கிறிஸ்துமஸ் பாடகர் குழுவுக்காக மியூஸ்கோர் என்ற இசைக்குறியீடு எழுதும் மென்பொருளில் வயலின் பகுதி எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. எழுதி முடித்துப் போட்டுக் கேட்டால் சுரங்கள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக வருகிறதா? அது மென்பொருளின் கோளாறு இல்லை. மேற்கத்தியக் குறியீட்டில் ஸ்லர் (ஒரே வில்வீச்சில் சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடு) இல்லாத ஒவ்வொரு சுரத்துக்கும் வில்லின் திசை மாறும். டெட்டாஷே என்ற இந்த முறைதான் இயல்புநிலை. மென்பொருளும் அதையொட்டி ஒவ்வொரு சுரத்தையும் புதிதாகத் தொடங்குகிறது.

சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரங்களைத் தேர்ந்தெடுத்து எஸ் விசையை அழுத்துங்கள். ஸ்லர் வளைகோடு விழும். சிபெலியஸ், டோரிகோ ஆகிய மற்ற இசை மென்பொருள்களிலும் இதே விசைதான்.

ஆனால் கேட்க நன்றாக இருக்கிறதே என்று எட்டு பாருக்கு (தாளக்கட்டுக்கு) ஒரே ஸ்லர் போட்டுவிடாதீர்கள். கணினிக்கு வில் தீராது, வாசிப்பவருக்குத் தீர்ந்துவிடும். மெதுவான பாட்டில், அதுவும் சத்தமாக வாசிக்கும் இடத்தில், வில் இன்னும் சீக்கிரம் முடியும். அதனால் பாடுகிறவர் மூச்சு எடுக்கும் இடத்திலாவது ஸ்லரை முறியுங்கள். முடிந்தால் உங்கள் ஊர் வயலின்காரரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவர் சொல்லும் திருத்தம் எந்த மென்பொருளும் தராதது.

வில்லின் திசையைக் காட்டும் மேல்வில், கீழ்வில் குறிகள் வாசிப்பவருக்கானவை. மியூஸ்கோரில் அவற்றால் ஒலி மாறாது.

அப்புறம், பிட்ஸிகாட்டோவை (விரலால் மீட்டச் சொல்லும் குறிப்பை) வெறும் எழுத்தாகத் தட்டாமல், குறிகள் இருக்கும் பேலட் பட்டியலிலிருந்து எடுத்துப் போடுங்கள். வில்லுக்குத் திரும்பச் சொல்லும் குறிப்பை (ஆர்கோ) அதேபோல் போடும்வரை விரலால் மீட்டும் ஒலிதான் தொடரும்.