பேரப்பிள்ளைகள் திறக்கப்போகும் காலப்பெட்டகத்தில் எதை வைப்பது, எதை விடுவது

காலப்பெட்டகம், அதாவது இன்றைய பொருள்களை மூடி வைத்துப் பல வருஷம் கழித்துத் திறக்கிற பெட்டி, தயார் பண்ணலாம் என்றதும் பெரும்பாலானவர்களுக்குக் கை போவது பீரோ பக்கம்தான். கல்யாணப் பட்டு, வெள்ளிக் குங்குமச் சிமிழ், பையன் வாங்கிய கோப்பை, அன்றைய செய்தித்தாள், எல்லாப் போட்டோவும் அடங்கிய ஒரு பென்டிரைவ். வைக்கவே கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் நாற்பது ஐம்பது வருஷம் கழித்துத் திறக்கிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. பட்டும் வெள்ளியும் எப்படியும் கைமாறி அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும், செய்தித்தாளை ஏதாவது ஒரு நூலகம் சேர்த்து வைத்திருக்கும். நீங்கள் எடுத்து வைக்காவிட்டால் வேறு எங்குமே மிஞ்சாது என்கிற பொருள் எது? அதற்குத்தான் முதல் இடம். பெரும்பாலும் அது நாளைக் காலையில் குப்பைக்குப் போகப்போகிற ஏதோ ஒன்றாக இருக்கும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜராஜன் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தி அதில் இருக்கிறது. கோயிலில் ஆடிப் பாட அழைத்து வந்த 400 தளிச்சேரிப் பெண்களின் பட்டியலும் இருக்கிறது. ஒவ்வொருவர் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்று வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷம் கழித்துப் படிக்கும்போது மெய்க்கீர்த்தியைவிட அந்த வீட்டு வரிசை நம்மை நெருங்கி வருகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பும் அப்படித்தான். கப்பல் வந்தது, சரக்கு என்ன விலை போனது, யார் யாரிடம் கோபித்துக்கொண்டார் என்றெல்லாம் பேச்சு நடையிலேயே எழுதிப் போட்டதால்தான் இன்றைக்கும் அதை விட மனசு வராமல் படிக்கிறோம்.

அதனால் பெருமைக்குரியதைத் தேடி அலையாதீர்கள். பெயரும் விலையும் முகவரியும் பேச்சும் இருக்கிற பொருள்களைத் தேடுங்கள்.

யார் திறப்பார்கள், எப்போது?

பொருளைத் தொடுவதற்கு முன்னால் இதை முடிவு செய்துவிடுங்கள். நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக 1938-இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் புதைத்த பெட்டகத்தை 6939-இல்தான் திறக்க வேண்டும். ஐயாயிரம் வருஷம் கழித்து வருகிறவருக்கு ஆங்கிலம் புரியாமல் போகலாம் என்று, ஆங்கிலத்தை எப்படி உச்சரிப்பது என்பதற்குக் கூட அவர்கள் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. வீட்டுக்கு அந்த வேலை வேண்டாம். 25 வருஷம் என்றால் நீங்களே இருந்து திறக்கலாம், மறந்துபோனதெல்லாம் திரும்ப வரும். 50 வருஷம் என்றால் உங்கள் பெயர் தெரிந்த, ஆனால் நீங்கள் வாழ்ந்த வாழ்க்கை தெரியாத பேரன் பேத்திகள் திறப்பார்கள். என்னைக் கேட்டால் இதுதான் நல்ல இடைவெளி. நூறைத் தாண்டினால் பொறுப்பெடுக்க ஆள் இருக்காது.

தேதியைச் சும்மா ஒரு ஜனவரி 1 என்று போடாதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது. வீட்டிலேயே சின்னக் குழந்தையின் ஐம்பதாவது பிறந்தநாள் என்று வைத்தால் அந்த ஆளாவது மறக்க மாட்டார்.

ஒரு மஞ்சப்பையை ஆணியில் மாட்டுங்கள்

என்ன வைக்கலாம் என்று உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் வராது. சமையலறைக் கதவுப் பக்கம் ஒரு மஞ்சப்பையை மாட்டிவிட்டு, ஒரு வாரத்துக்கு வீட்டில் குப்பைக்குப் போகிற காகிதம், அட்டை, கவர் எல்லாவற்றையும் அதில் போடச் சொல்லுங்கள். ரேஷன் கடை ரசீது, டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கொடுக்கிற கட்டணமில்லா டிக்கெட், கழுவிக் காயவைத்த பால் கவர், காலியான மாத்திரை அட்டை, தையல்காரர் அளவு குறித்த சீட்டு, வாசலில் செருகிவிட்டுப் போன ட்யூஷன் நோட்டீஸ், மளிகை லிஸ்ட். வார முடிவில் தரையில் கொட்டி வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பாருங்கள். இந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பரீட்சை, மாசக் கடைசியில் கை எவ்வளவு இறுகுகிறது எல்லாம் அதில் தெரியும். அதிலிருந்து பத்துப் பதினைந்து எடுத்தால் போதும்.

அதோடு வருஷக்கணக்கில் சேர்ந்த சிலவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். மின்வாரியக் கணக்கெடுப்பாளர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுதிவிட்டுப் போகிற வெள்ளை அட்டை நிரம்பியிருந்தால் வையுங்கள், எந்தக் கோடையில் வீட்டுக்கு ஏசி வந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும். பெரியப்பா சித்தப்பா பெயர்களெல்லாம் ஊரோடு வரிசை கட்டி நிற்கிற கல்யாணப் பத்திரிகை ஒன்று. அம்மாவின் கோல நோட்டு.

என் கணக்கில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது மொய் நோட்டு. ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள்: ஊர், தெரு, பெயர், தொகை. நடுவில் திடீரென்று ‘எவர்சில்வர் குடம் 1’ என்று ஒரு வரி. தொகையை எழுத்திலும் எண்ணிலும் எழுதிய கணக்குப்பிள்ளையின் கையெழுத்து, திருத்திய இடத்தில் சின்னச் சுழி. யாரோடு போக்குவரத்து இருந்தது, யார் எவ்வளவு செய்யக்கூடிய நிலையில் இருந்தார்கள், எந்தெந்த ஊரில் உறவு என்று ஒரு குடும்பத்தின் வரைபடமே அதில் கிடக்கிறது, வேறு எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் இது கிடையாது. திருப்பிச் செய்ய வேண்டிய மொய் பாக்கி இருந்தால் அசலை வீட்டில் வைத்துக்கொண்டு ஜெராக்ஸை உள்ளே வையுங்கள்.

சீட்டு இல்லாத பொருள் ஊமை

பொருளைவிட அதோடு வைக்கிற சீட்டு முக்கியம். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ‘நாள்காட்டித் தாள்’ என்று மட்டும் எழுதினால் ஒரு பயனும் இல்லை. யார் பயன்படுத்தினார், எங்கே வாங்கியது, என்ன விலை, எப்படிப் பயன்பட்டது என்று எழுதுங்கள். இப்படி:

“தினசரி காலண்டர். மளிகைக் கடையில் வருஷப் பிறப்புக்குச் சும்மா கொடுத்தது. காலையில் தாத்தாதான் கிழிப்பார், வேறு யாரும் கிழித்தால் கோபம் வரும். கிழித்ததும் முதலில் ராகு காலம், அப்புறம் ராசி பலன். தாளின் பின்பக்கம் பால் கணக்கு எழுதுவார். இந்தத் தாளில் இருப்பதும் அவர் எழுத்துதான்.”

அவ்வளவு போதும். ஐந்தாறு வரி, அலங்காரம் வேண்டாம்.

பேச்சையும் இப்படியே பிடியுங்கள். பாட்டி ரசத்துக்குச் சொல்கிற செய்முறையை ‘தேவையான பொருள்கள்’ என்று சமையல் புத்தக மொழிக்கு மாற்றிவிடாதீர்கள். அவர் வாயில் வருகிற மாதிரியே, அவர் ஊர்ச் சொல்லோடு, நடுவில் யாரையாவது திட்டினால் அந்தத் திட்டோடு எழுதுங்கள். வீட்டுக்குள் மட்டும் புழங்குகிற பட்டப்பெயர்கள், தெருவில் கூவி விற்கிறவர் என்ன சொல்லிக் கூவுகிறார், பிள்ளைகள் இந்த வருஷம் பேசுகிற புதுச் சொற்கள், இதெல்லாம் ஒரு பக்கத்துக்கு வரட்டும்.

ஒரே ஆள் தேர்ந்தெடுக்கக் கூடாது

1973 ஆகஸ்ட் 15 அன்று தில்லி செங்கோட்டையில் இந்திரா காந்தி அரசு ‘கால்பாத்ரா’ என்ற பெட்டகத்தைப் புதைத்தது. சுதந்திரத்துக்குப் பிந்தைய 25 வருஷ வரலாறு உள்ளே இருந்தது. அது ஆளுங்கட்சியின் பார்வையில் எழுதப்பட்டது என்ற சண்டை கிளம்பி, ஆட்சி மாறியதும் 1977-இல் தோண்டியே எடுத்துவிட்டார்கள். வீட்டுப் பெட்டியிலும் இந்தத் தகராறு சின்ன அளவில் வரும். அப்பா மட்டும் தேர்ந்தெடுத்தால் சான்றிதழும் வீட்டுப் பத்திர நகலுமாகப் போகும். ஆளுக்கு ஒரு பொருள், மற்றவர் யாரும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுக் குழந்தை சிப்ஸ் பாக்கெட்டில் வந்த பொம்மையைக் கொடுத்தால் அதுவும் சீட்டோடு உள்ளே போகட்டும். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடமும் கேளுங்கள், விருப்பம் இருந்தால் தருவார்.

அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தில் 1957-இல் ஒரு புத்தம்புதிய பிளைமவுத் பெல்வெடேர் காரையே கான்கிரீட் அறைக்குள் புதைத்தார்கள். ஒரு பெண்ணின் கைப்பையில் சாதாரணமாக இருக்கிற சாமான்களை, கொண்டை ஊசி, லிப்ஸ்டிக், சூயிங்கம், கட்டாத பார்க்கிங் அபராதச் சீட்டு என்று காருக்குள் வைத்தார்கள். 2007-இல் டல்சாவின் மக்கள் தொகை எவ்வளவு இருக்கும் என்று சரியாகக் கணிப்பவருக்குக் கார் என்று போட்டியும் வைத்தார்கள். ஐம்பது வருஷம் கழித்துத் திறந்தபோது அறைக்குள் தண்ணீர் புகுந்து கார் துருப்பிடித்த கூடாகக் கிடந்தது, கைப்பையும் மட்கிவிட்டது. பற்றவைத்து மூடிய ஒரு எஃகுக் குடுவைக்குள் இருந்த காகிதங்கள் மட்டும் நன்றாக இருந்தன. போட்டியில் ஜெயித்தவர் 1979-இலேயே இறந்துவிட்டதால் கார் அவருடைய சகோதரிகளுக்குப் போனது.

அந்தக் கணிப்புப் போட்டியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எதிர்காலத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னால் எல்லோரும் ‘மரம் நடுங்கள், ஒற்றுமையாக இருங்கள்’ என்று புத்தி சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அதற்குப் பதில், நீங்கள் திறக்கிற அன்று ஒரு பவுன் என்ன விலை, டீ என்ன விலை, நம் தெரு முனையில் என்ன இருக்கும், யார் யார் எந்த ஊரில் இருப்பார்கள் என்று ஆளுக்கொரு தாளில் எழுதி, இன்றைய விலையையும் பக்கத்தில் குறித்து, மடித்துப் போடச் சொல்லுங்கள். திறக்கிற அன்று சண்டை போட்டுப் படிப்பார்கள்.

கெட்டுப்போவதும் கெடுப்பதும்

சாப்பாட்டுப் பொருள் எதுவும் வேண்டாம், ஊறுகாய், மசாலாப் பொடி, விதை உட்பட. பேட்டரி உள்ள எதையும் வைக்காதீர்கள், பழைய போனை வைக்க ஆசை என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள், கழற்ற முடியாத மாடல் என்றால் விட்டுவிடுங்கள். ரப்பர் பேண்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். ஸ்டேப்ளர் பின்னும் ஜெம் கிளிப்பும் துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்னும், செல்லோடேப் பழுப்பேறும். லேமினேஷன் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சூடும் பசையும் சேர்ந்த வேலை, ஒருமுறை போட்டால் எடுக்கவே முடியாது, வேண்டாம்.

சூப்பர் மார்க்கெட் பில், மெஷினில் அடிக்கிற பஸ் டிக்கெட், ஏடிஎம் சீட்டு எல்லாம் வெப்பத்தாளில் அச்சாவது. நம் ஊர் வெயிலுக்குக் கொஞ்ச வருஷத்திலேயே வெற்றுத் தாளாகிவிடும். அசலோடு ஒரு ஜெராக்ஸ் கட்டாயம் வையுங்கள், ஜெராக்ஸ் மையில் கரி இருப்பதால் நிற்கும். சீட்டுகளைப் பென்சிலில் எழுதுவது நல்லது, பென்சில் எழுத்து வெளுக்காது, தண்ணீர் பட்டாலும் கரையாது. செய்தித்தாள் வைத்தே ஆக வேண்டும் என்றால் தனி உறையில் போடுங்கள், அதன் அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும்.

பென்டிரைவை நம்பாதீர்கள். அதில் தகவல் நிற்பது மின்னூட்டத்தில், அது மெல்லக் கசியும். அப்படியே தப்பித்தாலும் செருக ஓர் ஓட்டை அப்போது இருக்குமா என்பது வேறு விஷயம். பத்தாயிரம் போட்டோவில் முப்பதைத் தேர்ந்தெடுத்து ஸ்டூடியோ லேபில் பிரிண்ட் போடுங்கள். சிரித்துக்கொண்டு வரிசையாக நிற்கிற படங்களைக் குறைத்துக்கொண்டு, சமையல் மேடை, குளியலறை வாளி, திறந்த ஃபிரிட்ஜ், தெரு, டீக்கடை விலைப் பலகை என்று எடுங்கள். பின்பக்கம் மென்மையான பென்சிலில் பெயர், இடம், தேதி. ‘நான், அம்மா, அத்தை’ என்று எழுதினால் யாருடைய அத்தை என்று யாருக்குத் தெரியும்? முழுப் பெயர் எழுதுங்கள்.

ஆதார் எண், வங்கி விவரம், நகை, அசல் பத்திரம் எதுவும் உள்ளே போகக்கூடாது. பிறர் எழுதிய அந்தரங்கக் கடிதம் இருந்தால், எழுதியவர் உயிரோடிருக்கும்போது கேட்டுக்கொண்டு வையுங்கள்.

பெட்டி, இடம், பட்டியல்

திருகு மூடி போட்ட நல்ல எவர்சில்வர் சம்படம் போதும். காகிதங்களை மடிக்காமல் வைக்கிற அகலம் இருக்கட்டும். உள்ளே சிலிக்கா ஜெல் பைகளைச் சூடாக்கி ஈரம் போக்கிய பிறகு போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடாதீர்கள், உள்ளே அடைபடுகிற காற்றிலேயே ஈரம் இருக்கும்.

மண்ணில் புதைக்க வேண்டாம். டல்சாவில் கான்கிரீட்டே தாங்கவில்லை, நமக்குக் கரையானும் ஏறி இறங்குகிற நிலத்தடி நீரும் கூடுதல். மொட்டை மாடித் தகரக் கொட்டகையும் வேண்டாம், அந்தச் சூடு எல்லாவற்றையும் சீக்கிரம் கெடுக்கும். வீட்டுக்குள், வெயில் படாத அறையில், பீரோவின் மேல்தட்டு போதும். வாடகை வீடு என்றால் இடத்தை நம்பாமல் ஆளை நம்பி, அடிக்கடி வீடு மாறாத ஒரு உறவினரிடம் கொடுங்கள்.

உலகத்தில் காணாமல் போன பெட்டகங்களில் நிறைய, எங்கே வைத்தோம் என்பதே மறந்துபோய்த் தொலைந்தவை. அதனால்தான் வெஸ்டிங்ஹவுஸ்காரர்கள் தங்கள் பெட்டகம் எங்கே இருக்கிறது என்பதைத் தனிப் புத்தகமாக அச்சிட்டு உலகம் முழுவதும் நூலகங்களுக்கு அனுப்பினார்கள். டல்சாவின் கைப்பை மட்கிய பிறகும் அதில் என்ன இருந்தது என்று இன்றைக்கு நாம் பேச முடிவது, வெளியில் பட்டியல் இருந்ததால். நீங்களும் உள்ளே என்னென்ன இருக்கிறது, பெட்டி எங்கே, எப்போது திறக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி மூன்று பிரதி எடுத்து, ஒன்றைப் பெட்டிக்குள்ளும் ஒன்றை வீட்டுப் பத்திரத்தோடும் ஒன்றை வேறு ஊரில் இருக்கிற உறவினர் வீட்டிலும் வையுங்கள். திறக்க வேண்டிய பொறுப்பு யாருக்கு என்று மூன்று பெயர் அதில் இருக்கட்டும். மூவரில் இரண்டு பேராவது இப்போது பத்து வயதுக்குள் இருக்க வேண்டும், பெட்டியை மூடும்போது அவர்கள் கையாலேயே மூடியைத் திருகச் சொல்லுங்கள்.