மான் வேட்டைக்குப் பயிரா? ரை போதும்

அமெரிக்காவின் விஸ்கான்சின், மிச்சிகன் பக்கம் வேட்டைக்காக வெள்ளைவால் மானை ஈர்க்கத் தீவனப் பயிர் போடுபவர்கள், கொம்பு மான் படம் போட்ட விலை உயர்ந்த கலவை விதைப் பையை விட்டுவிட்டு, விதைக் கடையில் சாதாரணக் குளிர்கால ரை (rye, கோதுமை போன்ற தானியம்) வாங்கித் தூவுங்கள். லேசாகக் கீறிய மண்ணிலேயே முளைத்துவிடும். ஓட்ஸ் கடும் உறைபனியில் கருகிவிடும். ரை நவம்பர் துப்பாக்கி வேட்டை சீசனிலும் பச்சையாக நிற்கும். மான் தேடுவது இளம் இலையை. அதனால் ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் விதைப்பதுதான் சரி. முன்கூட்டியே போட்டால் முற்றி நார்நாராகிவிடும்.

பக்கத்துக் காட்டில் ஓக் கொட்டைகள் கொட்டிக் கிடக்கும் ஆண்டில் இது எடுபடாது, மான் அங்கேதான் போகும். அப்புறம், ரைகிராஸ் என்பது வேறு புல். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.