டைப்பிங் கிளாஸுக்கு ஒரே பக்கத்துல வெப்சைட்

தருமபுரில சின்னதா டைப்பிங் இன்ஸ்டிட்யூட் வச்சிருக்கீங்களா, வெப்சைட்டுன்னா ஆயிரக்கணக்குல ஆகும்னு பயப்படாதீங்க, ஒரு ஜிமெயில் ஐடி இருந்தா கூகுள் சைட்ஸ்ல ஓசிலயே பண்ணிக்கலாம், ஒரே பக்கம் போதும்.

கம்ப்யூட்டர தொடறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுங்க. பாலக்கோட்டுலருந்து பஸ்ல வரப்போற பொண்ணோட அம்மா போன் பண்ணா என்ன கேப்பாங்க? ஃபீஸ் எவ்ளோ, எத்தன மணி பேட்ச், பஸ் ஸ்டாண்டுலருந்து நடந்து வரலாமா, சாயங்காலம் எப்ப விடுவீங்க. இதுதாங்க மேல வரணும். "தலைசிறந்த பயிற்சி மையம்"னு போட்டா யாரும் படிக்க மாட்டாங்க (நானும் போட்டவன்தான்). ஜூனியர், சீனியர் கவர்மெண்ட் எக்ஸாம் பிப்ரவரி, ஆகஸ்ட்ல வரும்ல, அதுக்கு எப்ப சேரணும்னு ஒரு வரி சேத்துருங்க.

போன்ல எடுத்த போட்டோ ஒண்ணே 4 எம்பி இருக்கும், 200 கேபிக்கு சுருக்கிட்டு ஏத்துங்க, இல்லன்னா மலையோர ஊர்ல சிக்னல் கம்மியா இருக்கறவங்களுக்கு சுத்திக்கிட்டே இருக்கும்.

தட்டுனா உங்களுக்கு மெசேஜ் அனுப்பற மாதிரி ஒரு வாட்ஸப் லிங்க்கும் வைங்க, wa.me/ன்னு போட்டு, 91 போட்டு ஒட்டுனாப்ல உங்க பத்து இலக்க நம்பர், முன்னாடி பிளஸ்ஸோ சைபரோ வேண்டாம்.

டாட் இன் டொமைன், அதாவது .in-னு முடியற சொந்த வெப்சைட் பேரு, வேணும்னா உங்க மெயில்லயே வாங்குங்க. எனக்கு ஒரு தம்பி அவன் மெயில்ல வாங்கிக் குடுத்துட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டான், ரினியூவல் மெயில் எல்லாம் அவனுக்கே போச்சு, அட்மிஷன் நேரத்துல சைட்டு படுத்துருச்சு.

கடைசியா கூகுள் மேப்ல கடைய சேத்து, சைட் லிங்க்க அதுல போட்ருங்க.