ஏரியும் வயலுமா இருந்த ஊரு எப்படி நகரமாச்சுன்னு தேடுறது எப்படி?

சென்னை வேளச்சேரிய வச்சே சொல்றேன், இதே வழி உங்க ஏரியாவுக்கும் செட் ஆகும். மொதல்ல கோயிலுக்குப் போங்க. தண்டீஸ்வரர் கோயில்ல சோழர் காலக் கல்வெட்டு இருக்கு, மால் வர்றதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடியே அது ஊருதான். கல்வெட்டுல சுண்ணாம்பு, பெயின்ட் எதுவும் தடவிடாதீங்க ப்ளீஸ், போட்டோ போதும், சாயங்கால சாய்வு வெயில்ல எடுத்தா எழுத்து நல்லா தெரியும்.

அடுத்தது நிலம், இதுலதான் உண்மையான கதையே இருக்கு. பழைய கிராம அ-பதிவேட்டுல (வருவாய்த்துறையோட நிலக் கணக்குப் புத்தகம்) ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் நஞ்சையா, புஞ்சையா, ஏரிப் புறம்போக்கான்னு போட்டிருக்கும், அத இன்னைக்கு மேப்போட ஒப்பிட்டுப் பாருங்க, எந்த அபார்ட்மென்ட் வயல்ல நிக்குது எது வாய்க்கால்ல நிக்குதுன்னு புரிஞ்சிடும், 2015 வெள்ளத்துல தண்ணி ஏன் அங்க வந்து நின்னுச்சுன்னும் சேத்தே புரியும். வீட்டுப் பழைய தாய்ப் பத்திரம் இருந்தா நாலு எல்லைய படிங்க, "இன்னாரோட நஞ்சைக்கு வடக்கு"ன்னு எழுதியிருந்தா அது பெரிய சான்று.

மக்கள்தொகைக்கு பழைய சென்சஸ் மாவட்டக் கையேடு இருக்கு, அப்போ வேளச்சேரி செங்கல்பட்டு மாவட்டக் கணக்குல வரும், அங்க தேடுங்க. பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு 2007ல வந்துச்சு, அதுக்கு முன்னும் பின்னும் கூகுள் எர்த்ல பழைய படத்த ஓட்டிப் பாருங்க.

ஏர் ஓட்டின பெரியவங்க இருந்தா இப்பவே போய் பேசுங்க, மதகு எங்க இருந்துச்சு, எந்த மடைத் தண்ணி யாருக்குன்னு கேட்டு ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, இதெல்லாம் எந்த ஆபீஸ்லயும் கிடைக்காது.