பள்ளி மேலாண்மைக் குழுத் தேர்தல்: பெற்றோர் அறிந்து செய்ய வேண்டியவை

அரசுப் பள்ளியில் குழந்தையைச் சேர்க்கும் நாளிலேயே பெற்றோருக்கு ஒரு வாக்குரிமையும் சேர்ந்து கிடைத்துவிடுகிறது. அதற்கு வாக்காளர் அட்டை தேவையில்லை. வைப்புத்தொகை கட்ட வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. இருந்தும், பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்திற்குப் பல ஊர்களில் பெற்றோர் வருவதில்லை. வந்தவர்களிலும் பலர், தலைமையாசிரியர் நீட்டும் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு, எதற்குக் கையெழுத்திட்டோம் என்பதை அறியாமலே வீடு திரும்புகிறார்கள். அந்தக் கூட்டத்திற்குப் போவதற்கு முன்னும், அங்கே அமர்ந்திருக்கும்போதும், தேர்ந்தெடுக்கப்பட்ட பின்னும் ஒரு பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்பதே இங்கு சொல்லப்படுகிறது.

முதலில் சட்டம். 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளைத் தவிர மற்றப் பள்ளிகளில் இத்தகைய குழு இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் அங்கே படிக்கும் குழந்தைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிவுற்ற, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்களுடைய விகிதாசாரப்படி இடம் தரப்பட வேண்டும். சிறுபான்மையினர் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் மற்றப் பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை மட்டுமே கூற முடியும் என்று 2012-இல் வந்த திருத்தம் வரையறுத்துவிட்டது. பெற்றோர் ஆசிரியர் கழகம் என்பது வேறு அமைப்பு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவோர் ஏராளம்.

குழுவின் ஆயுள் இரண்டு ஆண்டுகள். தமிழ்நாட்டில் 2022-இல் மாநிலம் முழுவதும் மறுகட்டமைப்பு நடந்தபோது ஒவ்வொரு குழுவும் 20 பேர் கொண்டதாக அமைந்தது. அதில் 15 பேர் பெற்றோர். 2024-இல் முன்னாள் மாணவர்களுக்கும் இடமளித்து எண்ணிக்கை 24 ஆக உயர்த்தப்பட்டது. நான்கில் மூன்று என்ற கணக்கின்படி அதில் 18 இடங்கள் பெற்றோருக்கு உரியவை. எஞ்சிய இடங்களில் தலைமையாசிரியர், ஆசிரியர் பிரதிநிதி, உள்ளாட்சி உறுப்பினர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர் போன்றோர் அமர்வார்கள். தலைமையாசிரியர் தம் பதவியின் காரணமாக உறுப்பினரும் கூட்டுநரும் ஆகிறார், தலைவர் அவரல்லர். தலைவரும் துணைத் தலைவரும் பெற்றோர் உறுப்பினர்களிலிருந்தே வர வேண்டும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்திருந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

யார் போட்டியிடலாம் என்ற கேள்வியில் ஒரு நுணுக்கம் உண்டு. தாயும் தந்தையும் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விட, குழந்தை பாட்டியின் பராமரிப்பில் வளர்வது நம் கிராமங்களில் புதிதல்ல. குழந்தையைத் தம் பொறுப்பிலும் பராமரிப்பிலும் வைத்திருப்பவர் பாதுகாவலர் என்று சட்டம் பொருள் கூறுவதால், அந்தப் பாட்டி தயங்காமல் கூட்டத்திற்கு வரலாம், உறுப்பினராகவும் ஆகலாம். மாறாக, ஐந்தாம் வகுப்புக் குழந்தையின் பெற்றோர் தொடக்கப் பள்ளிக் குழுவில் சேர விரும்பினால் சற்று யோசிக்க வேண்டும். அடுத்த ஆண்டே குழந்தை வேறு பள்ளிக்குப் போய்விடும். அப்போது பெற்றோர் என்ற தகுதியும் அதனுடன் போய்விடும். இரண்டு ஆண்டும் பள்ளியில் இருக்கப்போகும் குழந்தைகளின் பெற்றோரை முன்னிறுத்துவதே உசிதம்.

தேர்தல் என்றதும் வாக்குச்சாவடியையும் மையையும் கற்பனை செய்ய வேண்டாம். பள்ளி வளாகத்தில் நடக்கும் பெற்றோர் கூட்டமே தேர்தல் களம். தேதி குறித்த அழைப்பு பெரும்பாலும் குழந்தைகளின் கையில்தான் வரும். பை அடியில் கசங்கிக் கிடக்கும் அந்தத் துண்டுச் சீட்டைத் தேடி எடுப்பதுதான் பெற்றோரின் முதல் வேலை. கூட்டத்தில் தலைமையாசிரியர் குழுவின் அமைப்பையும் பிரிவுவாரியான இடங்களையும் விளக்குவார். விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுப்பார்கள் அல்லது மற்றவர்கள் முன்மொழிவார்கள். ஓர் இடத்திற்கு ஒரே பெயர் இருந்தால் ஒருமனதாக முடியும். ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வந்தால், கை உயர்த்துவதோ சீட்டில் எழுதிப் போடுவதோ தேவைப்படும். சிறிய ஊரில் கை உயர்த்துவது பகையை வளர்க்கும் என்பதால், போட்டி இருக்கும் இடங்களில் சீட்டு முறையைக் கேட்டுப் பெறுவது நல்லது என்பது என் கருத்து. இவ்வாறு தேர்வான பெற்றோர் தமக்குள் தலைவரையும் துணைத் தலைவரையும் தேர்ந்தெடுத்த பின், தீர்மானம் எழுதப்பட்டுக் கையெழுத்துகள் பெறப்படும்.

ஆனால் உண்மையில் பல பள்ளிகளில் முடிவு கூட்டத்திற்கு முந்தைய வாரமே உருவாகிவிடுகிறது. இதில் எப்போதும் சூழ்ச்சி இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆள் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தில், தலைமையாசிரியர் தமக்குத் தெரிந்த நாலு பேரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறார். 'நீங்க வந்து கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்' என்ற வாக்கியத்தைக் கேட்காத பெற்றோர் குறைவு. எனவே போட்டியிட நினைப்பவரும் அந்த வாரத்திலேயே வேலையைத் தொடங்க வேண்டும். மாலையில் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் தாய்மாரிடம் பேசுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் கூட்ட நாளன்று வர இயலுமா என்று விசாரித்து, இயலாதெனில் நேரத்தை மாற்றும்படி தலைமையாசிரியரிடம் முன்னதாகவே கேளுங்கள். கூட்டத்தில் பேசும்போது, உங்கள் குழந்தை எந்த வகுப்பில் படிக்கிறது, கழிப்பறைத் தண்ணீரோ சுற்றுச்சுவரோ ஆசிரியர் பற்றாக்குறையோ எந்த ஒரு விஷயத்தை முதலில் கவனிக்கப்போகிறீர்கள், மாதத்தில் ஒரு நாள் உங்களால் ஒதுக்க முடியுமா என்ற மூன்றையும் சொன்னால் போதும்.

விகிதாசாரத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். நூறு குழந்தைகள் படிக்கும் பள்ளியில் நாற்பது பேர் பட்டியல் சாதியினர் என்றால், 18 பெற்றோர் இடங்களில் ஏழு அவர்களுடைய பெற்றோருக்கு வர வேண்டும். காலனித் தெருவிலிருந்து ஒரே ஒருவரை உட்கார வைத்துவிட்டு இடஒதுக்கீடு முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், பிரிவுவாரியான மாணவர் எண்ணிக்கையைக் காட்டும்படி எழுந்து நின்று கேட்கலாம். அந்த எண்ணிக்கை பள்ளியில் உண்டு.

இவ்வளவு பாடுபட்டு அந்த இடத்தைப் பெறுவானேன் என்று கேட்போருக்கு 2022-ஆம் ஆண்டை நினைவூட்டலாம். அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 ஆசிரியர் பணியிடங்களைத் தற்காலிகமாக நிரப்பும் பொறுப்பு அப்போது இக்குழுக்களின் வழியாகவே தரப்பட்டது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று ஊதியம் அறிவிக்கப்பட்டது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. தகுதியுள்ளவர் இருக்க வேண்டிய இடத்தில் தெரிந்தவரை நியமிக்கும் ஆபத்து எங்கே இருந்ததோ, அதைத் தடுக்கும் வாய்ப்பும் அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருந்த பெற்றோரிடமே இருந்தது.

தேர்வானபின் செய்ய வேண்டியவற்றில் தலையாயது பள்ளி மேம்பாட்டுத் திட்டம். அடுத்துவரும் மூன்று ஆண்டுகளில் எத்தனை மாணவர்கள் வருவார்கள், எத்தனை ஆசிரியர்கள் வேண்டும், என்னென்ன கட்டட வசதி தேவை, எவ்வளவு பணம் வேண்டும் என்பதை அதில் எழுத வேண்டும். எழுதும்போது சட்டத்தின் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர் என்று அது கூறுகிறது. ஆறு முதல் எட்டு வரை 35 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும். 'ஆசிரியர் போதவில்லை' என்று பொத்தாம்பொதுவாக எழுதும் தீர்மானம் கோப்பில் தூங்கும். '95 குழந்தைகள், மூன்று ஆசிரியர்கள், சட்டப்படி ஒருவர் குறைவு' என்று எழுதினால் அதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது பணம். குழுவுக்கு வரும் மானியம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பட வேண்டும். தலைவராக இருக்கும் பெண்மணி காசோலையில் கையெழுத்திடும் முன், தொகையும் பெயரும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வெற்றுத் தாளிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்திட மறுப்பதை அவமரியாதையாக எந்த நல்ல தலைமையாசிரியரும் கொள்ள மாட்டார். கொள்பவரிடம்தான் மேலும் எச்சரிக்கை வேண்டும். தீர்மானப் பதிவேட்டிலும் அப்படியே: கடைசி வரிக்குக் கீழே வெற்றிடம் விடாமல் கையெழுத்திட்டு, அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் முறையாக நடக்கவில்லை, அழைப்பே வரவில்லை, அல்லது வராதவர்களின் பெயரில் கையெழுத்து இருக்கிறது என்று தெரிந்தால், முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையெனில், தொடக்க, நடுநிலைப் பள்ளியானால் வட்டாரக் கல்வி அலுவலருக்கும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியானால் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் மனு கொடுங்கள். ஒப்புகை பெறாமல் மனுவைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். தேர்தல் கூட்டத்தின் வருகைப் பதிவையும் தீர்மான நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம்; முப்பது நாட்களுக்குள் விடை வர வேண்டும். நகல் கைக்கு வந்ததும் அதிலுள்ள பெயர்களை வைத்துக்கொண்டு அந்தந்த வீடுகளுக்கே சென்று, 'அன்று நீங்கள் வந்திருந்தீர்களா?' என்று கேட்டுப் பார்க்கலாம்.