.22 ரைபிளில் படியும் கார்பனை எடுப்பது எப்படி? புதிதாக வருகிறவர்களுக்கு

ஏர் ரைபிளில் இரண்டு வருடம் சுட்டுவிட்டு 50 மீட்டர் .22க்கு மாறுகிறவர்களுக்குச் சத்தமும் உதையும் நாலு நாளில் பழகிவிடும், பழகாதது இந்தக் கருப்புதான். ஏர் ரைபிளில் காற்றழுத்தம்தான் குண்டைத் தள்ளுகிறது, எரிவதற்கு அங்கே வெடிமருந்தே கிடையாது. .22ல் ஒவ்வொரு ரவுண்டுக்கும், அதாவது தோட்டாவுக்கும், மருந்து எரிகிறது, ஈயக் குண்டின்மேல் பூசியிருக்கும் மெழுகு அதோடு கருகுகிறது, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் கலவையின் மிச்சமும் சேர்ந்துகொள்கிறது. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, அந்த மூன்று நிலைப் போட்டியின் தகுதிச்சுற்றுக்கு மட்டும் 60 ஷாட், குறியைச் சரிபார்க்கச் சுடும் சைட்டர்கள் தனி. பயிற்சி நாளில் நூறைத் தாண்டுவது சாதாரணம். அத்தனையும் ஒரே குழாய், அதாவது பேரல் வழியாகத்தான் போகிறது.

எங்கள் கிளப்பில் ஒரு தங்கை வாரம் தவறாமல் பேரலைத் துடைப்பாள், துணி வெள்ளையாகத்தான் வெளியே வரும். ஆனாலும் ரவுண்டு உள்ளே போவது முன்பைவிட இறுகலாக இருக்கிறது, நடுவில் ஒரு ஷாட் காரணமே இல்லாமல் எட்டுப் புள்ளிக்கு ஓடுகிறது என்று தவித்துக்கொண்டிருந்தாள். சின்ன கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தபோது, ரவுண்டு உட்காரும் சேம்பர் முடிந்து ரைஃப்ளிங் என்கிற சுழல் வரிகள் தொடங்கும் இடத்தில், ரவுண்டின் கூடான கேஸின் வாய்க்கு நேர் முன்னால், சாம்பல் கலந்த கருப்பில் ஒரு வளையம். மெல்லியதுதான், ஆனால் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. பேரலின் மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருக்கிறது. புதியவர்கள் தவறவிடுவது இந்த வளையத்தைத்தான்.

அடிப்பிடித்த பாத்திரத்தை என்ன செய்வோம்? ஊற வைப்போம். இங்கேயும் அதேதான், கையின் பலம் வேண்டாம், நேரம் கொடுத்தால் போதும்.

முதலில் பாதுகாப்பு. மேகசின் இருந்தால் கழற்றுங்கள், சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைத் திறந்து சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தடவிப் பாருங்கள். ரவுண்டுகள் வேறு அறையில் இருக்கட்டும். கிளப் ரைபிள் என்றால் ரேஞ்ச் ஆபீசரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், நைட்ரைல் கையுறை போடுங்கள். வெளியே வரும் அழுக்கில் ஈயம் இருக்கிறது, அதனால் அந்த மேசையில் டீயும் பிஸ்கட்டும் கூடாது.

வேண்டியவை: கோட்டிங் போட்ட ஒரே துண்டு ராடு, ராடை நேராகச் செலுத்தும் போர் கைடு, ராடின் நுனியில் துணியைப் பிடிக்கும் .22 அளவு ஜாக், வெண்கல பிரஷ் ஒன்று, தேய்ந்த பழைய பிரஷ் ஒன்று, கார்பனைக் கரைக்கும் சால்வென்ட், நல்ல துப்பாக்கி எண்ணெய், பழைய டூத் பிரஷ், மரப் பல்குச்சி, துணி. துணிக்குப் பழைய பனியன் போதும், துவைத்துச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். டபிள்யூ.டி.40 ஈரத்தை விரட்டத்தான், இந்த வளையத்துக்கு அதை நம்பாதீர்கள்.

போல்ட்டை உருவி எடுத்துவிட்டு, ரைபிளை மசில் (குண்டு வெளியேறும் வாய்) பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி வையுங்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. மசில் உயர்ந்திருந்தால் சால்வென்ட் பின்னால் ஓடி டிரிகருக்குள்ளும் ஸ்டாக்கின் மரத்துக்குள்ளும் இறங்கிவிடும்.

போர் கைடைப் பொருத்தி, சால்வென்டில் நனைத்த துணியைப் பின்பக்கத்திலிருந்து மசில் நோக்கி ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். வெளியே வந்த துணியை எடுத்துவிட்டு ராடை மெதுவாக இழுங்கள். இப்படி இரண்டு துணி. என்.சி.சி.யில் புல் த்ரூ கயிற்றில் துணி கட்டி இழுத்தவர்களுக்குத் திசை பழக்கமாகத்தான் இருக்கும். மசில் பக்கமிருந்து ராடை விட்டால் அதன் விளிம்பான க்ரவுன் உரசும், அது கெட்டால் எந்தச் சுத்தமும் குரூப்பை, அதாவது குண்டுகள் நெருக்கமாக விழுவதை, காப்பாற்றாது.

இப்போது வளையம். தேய்ந்த பிரஷ்ஷின்மேல் ஒரு துணியைச் சுற்றி, சால்வென்டில் நன்றாக நனைத்து, சேம்பரைத் தாண்டியதும் லேசாக இறுகுகிற இடம் வரை தள்ளி அங்கேயே விட்டுவிடுங்கள். ராடில் அந்த இடத்துக்கு ஒரு டேப் ஒட்டிவைத்தால் அடுத்த முறை தேட வேண்டாம். பதினைந்து நிமிடம். அப்புறம் முழுவதும் தள்ளி எடுங்கள், துணியின் ஓரத்தில் மை தடவியது போல ஒரு கருப்பு வட்டம் இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வட்டம் வெளுக்கும்வரை திரும்பச் செய்யுங்கள். பிறகு வெண்கல பிரஷ்ஷை நனைத்து ஏழெட்டு முறை, ஒவ்வொரு முறையும் மசிலைத் தாண்டி முழுக்க வெளியே வந்த பிறகே பின்னால் இழுக்க வேண்டும். கடைசியாக உலர்ந்த துணிகள். பனி மாதிரி வெள்ளை வரவேண்டும் என்று இருபது துணியைச் செலவழிக்காதீர்கள், லேசான சாம்பல் நிறம் பரவாயில்லை.

போல்ட்டில் நேரம் போகிற இடம், காலி கேஸை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் அடிப்பகுதி. கேஸின் அடி விளிம்பான ரிம் உட்கார வேண்டிய அந்தச் சின்னப் பள்ளத்தில் கார்பனும் மெழுகும் கலந்து கரும்பசை மாதிரி இறுகியிருக்கும். அது கேஸை இழுக்கும் பிடியைத் தளர்த்திவிடும். ஒரு சொட்டு சால்வென்ட் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள், பிறகு பல்குச்சியால் நெம்பினால் செதில் செதிலாக வரும். ஊசி, பிளேடு, உப்புத்தாள் எதுவும் வேண்டாம். நான் தொடங்கிய புதிதில் ஊக்கு முனையால் சுரண்டினேன், அந்தக் கீறல் போல்ட் முகத்தில் இன்னும் இருக்கிறது. ஃபயரிங் பின்னைக் கழற்றுவதை முதல் வருடம் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் விட்டுவிடுங்கள், டிரிகரில் எண்ணெயோ ஸ்ப்ரேயோ அடிக்கவே அடிக்காதீர்கள்.

மேலே சொன்ன எதையும் உங்கள் ஏர் ரைபிளில் செய்யக் கூடாது. அதன் பேரலில் எண்ணெய் மிச்சமிருந்தால் அழுத்தத்தில் பற்றி எரியும் அபாயம் உண்டு, அதற்கு உலர்ந்த ஃபெல்ட் போதும்.

முடித்தபின் போல்ட்டின் உரசும் இடங்களுக்கு ஒரு சொட்டு எண்ணெய், சேம்பர் மட்டும் முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இருப்பவர்கள் பேரலுக்குள் மெல்லிய எண்ணெய்த் துணி ஒன்று ஓட்டி வையுங்கள், அடுத்த முறை சுடும் முன் உலர்ந்த துணியால் அதை எடுத்துவிட வேண்டும். அழுக்குத் துணிகளை எரிக்காமல் மூடி போட்ட டப்பாவில் போடுங்கள், கையைச் சோப்புப் போட்டுப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள்.

எத்தனை ரவுண்டுக்கு ஒருமுறை? போல்ட் முகத்தை ஒவ்வொரு நாளும் துடைக்கிறேன், வளையத்தை இருநூறு முந்நூறு ரவுண்டுக்கு ஒருமுறை பார்க்கிறேன். சுத்தம் செய்ததும் வரும் முதல் சில ஷாட்களை வைத்துக் குறிபார்க்கும் சைட்டைத் திருகிவிடாதீர்கள். குண்டின் மெழுகு பேரலில் மறுபடி படியப் பத்துப் பதினைந்து ரவுண்டு ஆகும், அதனால் போட்டிக்கு முந்தின நாள் இரவு பெரிய சுத்தம் வேண்டாம். இரண்டு நாள் முன்னால் முடித்துவிட்டு, ஒரு பெட்டி ரவுண்டு சுட்டுவிட்டுப் போங்கள்.