பாய்மரப் படகின் கயிறுகள்: தேர்விலும் பராமரிப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாய்மரப் படகுக்குப் புதிய கயிறு வாங்குவோர் பலர் முதலில் கேட்பது, அது எத்தனை கிலோ சுமை தாங்கும் என்பதைத்தான். பாயை ஏற்றி இறக்கும் ஹால்யார்ட், பாயின் கோணத்தை மாற்றும் ஷீட் ஆகிய இரண்டும் கைக்கு அடங்கும் பருமனில் வாங்கப்படுவதால், சாதாரணப் பயணப் படகில் அவற்றின் வலிமை பெரும்பாலும் தேவைக்கு மேலேயே இருக்கும். சுமை ஏறும்போது கயிறு எவ்வளவு நீளும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

காற்று வலுக்கும் நேரத்தில் ஹால்யார்ட் நீண்டுகொடுத்தால் பாயின் முன்விளிம்பு தளர்கிறது. பாயின் வளைவு பின்னோக்கி நகர்கிறது. படகை முன்னே தள்ள வேண்டிய விசையில் ஒரு பகுதி அதைச் சாய்ப்பதிலேயே செலவாகிறது. 12 மீட்டர் நீளமுள்ள ஹால்யார்ட் 2 சதவீதம் நீண்டாலும் பாயின் தலைப்பகுதி 24 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். நங்கூரத்துக்கு வாங்கியதில் மிஞ்சிய நைலான் கயிற்றை ஹால்யார்டாகப் போடுவது இதனால்தான் பெரும் பிழை. அலையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதற்காக நங்கூரக் கயிறு நீள வேண்டும். ஹால்யார்ட் நீளக் கூடாது.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. டைனீமா என்னும் வலிமைமிக்க செயற்கை இழைக் கயிறு மிகக் குறைவாகவே நீளும் என்று கேள்விப்பட்டவுடன் படகிலுள்ள எல்லாக் கயிறுகளையும் அதற்கு மாற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். சுற்றுலாப் படகின் ஷீட்டுக்குப் பாலியஸ்டர் இரட்டைப் பின்னலே (உள்பின்னலின் மேல் உறையாக இன்னொரு பின்னல் கொண்ட கயிறு) போதும். திடீர்க் காற்றில் அது சற்றே நீண்டுகொடுப்பது பாய்க்கும், கயிற்றைச் சுற்றி இறுக்கும் வின்ச்சுக்கும் நல்லதுதான். பாயே பழசாகித் தொய்ந்திருந்தால், விலையுயர்ந்த ஹால்யார்டால் வடிவம் திரும்பப் போவதில்லை. டைனீமாவுக்கென்று சில குறைகளும் உள்ளன: தொடர்ந்த சுமையில் மெல்ல மெல்ல நிரந்தரமாக நீளும், ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், மேற்பரப்பு வழுவழுப்பானது என்பதால், பாலியஸ்டரில் நன்றாகப் பிடிக்கும் முடிச்சு உறையில்லாத டைனீமாவில் நழுவக்கூடும். அதில் கண்ணி வேண்டுமென்றால் முடிச்சை விட்டு ஸ்பிளைஸ் செய்வதே, அதாவது முனையைக் கயிற்றுக்குள்ளேயே கோத்து இணைப்பதே, முறை. எந்தக் கயிறானாலும் முடிச்சு அதன் வலிமையைப் பாதியளவுக்குக்கூடக் குறைத்துவிடும். ஒழுங்காகச் செய்த ஸ்பிளைஸில் இழப்பு மிகக் குறைவு.

பிடிப்பதற்கு வசதியாக இருக்குமென்று ஓரளவு கூடுதல் பருமனில் வாங்குவதும் சிக்கலில்தான் முடியும். கப்பியில் உரசல் கூடுவதால், மென்காற்றில் ஷீட்டைத் தளர்த்தினாலும் பாய் வெளியே போகாது. கயிற்றைக் கடித்துப் பிடிக்கும் கிளட்ச் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட பருமன் வரம்புக்கே செய்யப்பட்டது. மெலிந்த கயிறு அதில் வழுக்கும், தடித்தது சிக்கும். கம்பி ஹால்யார்டை அகற்றிவிட்டுக் கயிறு போடுபவர்கள் பாய்மர உச்சியிலுள்ள கப்பிச் சக்கரத்தையும் பார்க்க வேண்டும்: கம்பிக்காக வெட்டிய குறுகலான பள்ளம் கயிற்றைப் பக்கவாட்டில் நெரித்து, உறையை அறுத்துவிடும்.

சுமை தாங்காமல் அறுந்த கயிறுகளைவிடத் தேய்ந்து அறுந்தவையே அதிகம். பாய் முழுதாக ஏறியிருக்கையில் ஹால்யார்டின் ஒரே இடம் உச்சிச் சக்கரத்தின் மேலும், இன்னோர் இடம் கிளட்ச்சின் பற்களுக்கு அடியிலும் மாதக்கணக்கில் இருக்கிறது. தரையில் நின்று பார்த்தால் இவை தெரியா. கயிற்றை முழுவதும் இறக்கி, விரல்களுக்கிடையே மெதுவாக உருவிப் பார்க்க வேண்டும். பாலியஸ்டர் உறையின் மேல் பரவலாகப் பஞ்சு போலப் பிசிர் எழுந்திருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. ஓரிடத்தில் கயிறு சட்டென்று மெலிந்தாலோ, தட்டையாகிக் கெட்டிப்பட்டிருந்தாலோ, உறை உருகிப் பளபளத்தாலோ, உள்பின்னல் வெளியே தெரிந்தாலோ அந்தப் பகுதியை நம்பக் கூடாது. ஹால்யார்டை ஒன்றிரண்டு மீட்டர் கூடுதலாக வாங்கினால், பாயை மாட்டும் முனையில் சிறிது வெட்டித் தேய்மான இடத்தை நகர்த்திவிடலாம். ஆய்வுக்காக அதைப் பாய்மரத்திலிருந்து உருவும்போது அதைத் திரும்பக் கோப்பதற்காகப் பின்னால் வரும் மெல்லிய வழிகாட்டிக் கயிற்றை வெறும் டேப்பால் ஒட்டுவது வேண்டாத துணிச்சல். ஊசி நூலால் தைத்து, அதன் மேல் டேப் சுற்ற வேண்டும். பாதி வழியில் பிரிந்தால் பாய்மரத்தில் ஏறுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

உப்புப் படிகங்கள் இழைகளுக்கிடையே புகுந்து உராய்வதோடு ஈரத்தையும் பிடித்துவைத்துக் கயிற்றை விறைக்கச் செய்கின்றன. வெதுவெதுப்பான நன்னீரில் மென்மையான சோப்பிட்டு ஊறவைத்து, அலசி, நிழலில் உலர்த்தினால் போதும். உயரழுத்த நீர்ப்பீச்சி அழுக்கை உள்ளே தள்ளி இழைகளைக் கிளப்பிவிடும். வெளுப்பான்களையும் சூடான உலர்த்தியையும் தவிர்க்க வேண்டும். உலர்ந்த பின்னல் கயிற்றை முழங்கையில் வட்டமாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றும் ஒரு முறுக்கை ஏற்றும். அவசரத்தில் பாயை இறக்கும்போது அம்முறுக்கே கப்பியின் வாயில் முடிச்சாக நின்றுவிடும். ஆகவே அதை எட்டு வடிவில் மடித்துத் தொங்கவிட வேண்டும்.